வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள்

பள்ளி நடத்துவோர் எவருக்கும் ஒழுங்கு இன்றியமையாதது. நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒருவன் எழுந்து கூச்சலிட்டால் மற்ற முப்பத்தொன்பது பேரின் பாடமும் நின்றுபோகிறது. ஆகவே ஆசிரியர் கண்டிக்கிறார். கண்டித்தும் அடங்காதவனைத் தலைமையாசிரியரிடம் அனுப்புகிறார். அங்கும் அடங்காவிட்டால் பெற்றோரை வரவழைத்து, பிள்ளையைச் சில நாள் வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். இறுதியில் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இந்த வரிசை நம் எல்லோருக்கும் பழக்கமானதே. இதில் குற்றம் காண நமக்குத் தோன்றுவதும் இல்லை.

ஆனால் கூச்சலிட்டவன், கூச்சலிடாமல் இருக்க இயலாத பிள்ளையாக இருந்தால் என்ன செய்வது? அவன் மூளையின் அமைப்போ, மனத்தின் காயமோ, பேச இயலாமையோ அவனை அவ்வாறு நடக்கச் செய்திருந்தால், அவனுக்குத் தரப்படும் தண்டனை எதைத் திருத்தும்? மறுபுறம், அவன் செய்கையால் அடுத்த இருக்கையில் உள்ள பிள்ளை அடிபட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

இக்கேள்விகளை அமெரிக்க நாடு நூறாண்டுகளுக்கும் மேலாகத் தன் நீதிமன்றங்களிலும் சட்டமன்றத்திலும் எழுப்பி வந்திருக்கிறது. அந்நாடு கண்ட விடைகளில் சில மெச்சத்தக்கவை, சில வெட்கப்படத்தக்கவை. சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளைப் பள்ளி ஒழுங்கின் பெயரால் எப்படி நடத்தினார்கள் என்னும் அந்த வரலாற்றை இங்குச் சற்று விரிவாக நோக்குவோம்.

பழைய தீர்ப்புகள்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1885-ஆம் ஆண்டில் ஒரு சிறுவன் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டான். அறிவு வளர்ச்சி குன்றியவன், பாடத்தால் அவனுக்குப் பயனில்லை, வகுப்பில் விநோதமான ஒலிகள் எழுப்புகிறான், மற்றவர்களைக் கிள்ளித் தொந்தரவு செய்கிறான் என்பவை பள்ளிக் குழுவினர் கூறிய காரணங்கள். வழக்கு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1893-இல் வெளியான தீர்ப்பு பள்ளிக் குழுவின் பக்கமே நின்றது. ஒழுங்கைக் கெடுக்கும் செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டதாயினும், அறிவுக் குறைவால் செய்யப்பட்டதாயினும், பள்ளியின் நடைமுறைக்கு இடையூறு என்றால் குழுவினர் அவனை விலக்கலாம். அவர்கள் நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவில் நீதிமன்றம் தலையிடாது என்பதே அதன் கருத்து.

இத்தீர்ப்பின் உட்பொருளைக் கூர்ந்து நோக்க வேண்டும். வேண்டுமென்று செய்ததற்கும், இயலாமையால் செய்ததற்கும் வேறுபாடு உண்டென்பதை நீதிபதிகள் அறிந்திருந்தார்கள். அறிந்தே, அந்த வேறுபாடு பொருட்டல்ல என்று ஒதுக்கினார்கள்.

விஸ்கான்சின் மாநிலத்தின் ஆன்டிகோ நகரில் நடந்தது இதனினும் துயரமானது. அங்கு விலக்கப்பட்ட சிறுவனுக்குப் பிறவியிலேயே உடல் தசைகள் கட்டுக்குள் இல்லை. வாயில் உமிழ்நீர் வடியும், முகம் கோணும், பேச்சு குழறும். ஆனால் படிப்பில் மற்றவர்களுக்குச் சளைத்தவன் அல்லன். அவன் எந்தத் தவறும் செய்யவில்லை. அவனைப் பார்ப்பது ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் மனச்சோர்வும் அருவருப்பும் தருகிறது என்பதே அவன்மேல் சொல்லப்பட்ட குறை. 1919-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவனை விலக்கியது சரியே என்று தீர்ப்பளித்தது. அந்நாளில் ‘பள்ளியின் நலன்’ என்னும் சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் அடக்கிவிட முடிந்தது என்பதற்கு இவ்வழக்கு ஒரு சான்று.

கதவு திறந்த ஆண்டு

நிற வேறுபாட்டின் பெயரால் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அறிவித்தது. கல்வியை ஓர் அரசு வழங்க முன்வந்தால் அதை எல்லோருக்கும் சமமாக வழங்க வேண்டும் என்ற அத்தீர்ப்பின் கருத்தைப் பதினேழு ஆண்டுகள் கழித்து மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் பெற்றோர் கையில் எடுத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் நீதி எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தாதா என்பது அவர்கள் வினா.

பென்சில்வேனியா மாநிலத்தில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் 1971-இல் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் தலைநகர் வாஷிங்டனில் ஏழு பிள்ளைகளின் சார்பில் மற்றொரு வழக்கு எழுந்தது. ‘மில்ஸ் வழக்கு’ என அறியப்படும் இந்த இரண்டாவது வழக்கே நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. அந்த எழுவரில் ஒருவன் நான்காம் வகுப்பு படித்துவந்த பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவன். ‘நடத்தை சரியில்லை’ என்ற ஒற்றை வரியோடு அவன் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டான். விசாரணை இல்லை; மாற்று ஏற்பாடு இல்லை. தலைநகரில் இத்தகைய சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் ஏறத்தாழ 22,000 பேர் இருக்கக்கூடும் என்றும், அவர்களுள் 18,000 பேர் வரை உரிய கல்வியின்றி இருக்கக்கூடும் என்றும் நகரக் கல்வித் துறையே கணக்குக் காட்டியிருந்தது.

பணம் போதவில்லை என்று கல்வித் துறை வாதிட்டது. 1972 ஆகஸ்டு முதல் நாள் நீதிபதி ஜோசப் வாடி அளித்த தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. பணம் போதாதெனில் அந்தப் பற்றாக்குறையை எல்லாப் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும்; சுமை முழுவதையும் குறைபாடுள்ள பிள்ளைகளின் தலையில் இறக்கக் கூடாது என்று அவர் கூறினார். ஒழுங்கு நடவடிக்கையைக் குறித்தும் தெளிவான விதி ஒன்றை வகுத்தார்: விசாரணை நடத்தாமல் எந்தப் பிள்ளையையும் இரண்டு நாள்களுக்கு மேல் இடைநீக்கம் செய்யலாகாது. ‘நடத்தை சரியில்லை’ என்று எழுதி அனுப்பிவிடும் வழக்கத்துக்கு முதன்முறையாக ஓர் அணை போடப்பட்டது.

சட்டம் சொன்னதும் சொல்லாததும்

1975 நவம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். ஊனமுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் கல்வி வழங்குவது அதன் நோக்கம். நாட்டில் அத்தகைய பிள்ளைகள் எண்பது லட்சத்துக்கு மேல் இருப்பதாகவும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தகுந்த கல்வி பெறவில்லை என்றும், பத்து லட்சம் பேர் பொதுப் பள்ளிகளில் இடமே இன்றி விலக்கப்பட்டிருக்கிறார்கள் என்றும் சட்டமன்றம் அச்சட்டத்திலேயே பதிவு செய்தது.

இச்சட்டம் பெற்றோருக்கு அளித்த உரிமைகளில் இரண்டை நாம் நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே எழுதப்படும் கல்வித் திட்டம். அப்பிள்ளையால் இன்று என்ன இயலும், ஓராண்டில் என்ன இயலவேண்டும், அதற்குப் பள்ளி என்ன உதவி செய்யும் என்பதை ஆசிரியரும் பெற்றோரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதுவார்கள். இரண்டாவது, பெற்றோருக்கும் பள்ளிக்கும் கருத்து வேறுபாடு எழுந்தால், அது தீரும்வரை பிள்ளை இருந்த வகுப்பிலேயே இருக்கும் என்னும் உறுதி.

ஆனால் இந்தப் பிள்ளை தவறு செய்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி அச்சட்டம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதை நிரப்பும் வேலை நீதிமன்றங்கள்மேல் விழுந்தது.

புளோரிடா மாநிலத்தின் ஹென்றி கவுண்டியில் 1977-78 கல்வியாண்டில் அறிவு வளர்ச்சி குன்றிய மாணவர் சிலர் பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். கீழ்ப்படியாமை, பொருள்களைச் சேதப்படுத்தியது, தகாத பேச்சு, தகாத நடத்தை என்பன குற்றச்சாட்டுகள். ஏறத்தாழ ஈராண்டுக் காலம் அவர்களுக்குப் பள்ளி இல்லை. ‘சரி எது, தவறு எது என்பது இவர்களுக்குத் தெரியும்’ என்பதே பள்ளி அதிகாரிகளின் வாதம். 1981-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஒன்று தவறென்று அறிந்திருப்பது வேறு. ஒருவன் செய்த செயல் அவனுடைய குறைபாட்டிலிருந்து எழுந்ததா என்பது வேறு. இந்த இரண்டாவது கேள்வியை, அந்தப் பிள்ளையையும் அவன் குறைபாட்டையும் அறிந்தவர்கள் கூடி ஆராய்ந்தே தீர்மானிக்க வேண்டும் என்று அந்நீதிமன்றம் கூறியது. அப்படியே நீக்கினாலும் கல்வியை முற்றாக நிறுத்திவிடக் கூடாது என்றும் சொல்லியது. 1893-இல் மாசச்சூசெட்ஸ் நீதிபதிகள் பொருட்டல்ல என்று ஒதுக்கிய அந்த வேறுபாடு, எண்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் வழக்கின் மையமாயிற்று.

ஜான் டோவின் வழக்கு

இந்த வரலாற்றின் திருப்புமுனை சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்து வந்தது. ‘ஜான் டோ’ என்பது நீதிமன்றம் அவனுக்கு இட்ட புனைபெயர். வயது பதினேழு. மன உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த இயலாதவன். தோற்றத்துக்காகவும் பேச்சுக்காகவும் தொடக்க வகுப்பிலிருந்தே சக மாணவர்களின் கேலிக்கு ஆளானவன். சீண்டப்பட்டால் அவன் சீறிவிடுவான் என்பதும், சினத்தை அடக்கக் கற்றுத்தர வேண்டும் என்பதும் அவனுக்கென எழுதப்பட்ட கல்வித் திட்டத்திலேயே இருந்தன.

1980 நவம்பரில் ஒரு மாணவன் அவனைச் சீண்டினான். ஜான் டோ அவன் கழுத்தை நெரித்தான். தலைமையாசிரியரிடம் அழைத்துச் செல்லப்படும்போது பள்ளியின் சன்னல் ஒன்றை உதைத்து உடைத்தான். ஐந்து நாள் இடைநீக்கம் செய்யப்பட்டான். பின்னர் நிரந்தரமாக நீக்கும் முடிவு வரும்வரை காலவரையின்றி வெளியே நிறுத்தப்பட்டான்.

இந்த வழக்கை எளிதாகத் தீர்த்துவிட இயலாது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். கழுத்து நெரிக்கப்பட்டவனும் ஒரு தாயின் பிள்ளைதான். அவன் கழுத்தில் காயம் இருந்தது. அவனைக் காக்கும் கடமை பள்ளிக்கு இல்லையா? கலிபோர்னியாவின் கல்வித் துறைத் தலைவர் பில் ஹானிக் உச்ச நீதிமன்றத்தில் இதையே கேட்டார். ஆபத்தான பிள்ளைகளுக்கு அந்த ‘இருந்த இடத்திலேயே இருக்கும்’ உறுதி பொருந்தாது. இப்படி ஒரு விலக்கைச் சட்டமன்றம் எழுத மறந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

1988 ஜனவரி 20 அன்று தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம். இருவர் மாற்றுக் கருத்து. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வில்லியம் பிரென்னன். சட்டமன்றம் எதையும் மறக்கவில்லை என்றார் அவர். குறைபாடுள்ள பிள்ளைகளை, சிறப்பாக மனக் கொந்தளிப்புள்ள பிள்ளைகளை, தம் விருப்பப்படி வெளியேற்றப் பள்ளிகளுக்கு அதுவரை இருந்த அதிகாரத்தைப் பறிப்பதே சட்டமன்றத்தின் எண்ணம் என்று விளக்கினார்.

அதே வேளையில் மற்றப் பிள்ளைகளை அவர் கைவிட்டுவிடவில்லை. ஆபத்து உடனடியாக இருக்குமாயின் பள்ளி பத்து நாள் வரை இடைநீக்கம் செய்யலாம். அந்தப் பத்து நாளில் பெற்றோரோடு பேசி வேறு ஏற்பாட்டுக்கு உடன்பாடு காணலாம். உடன்பாடு கிட்டாவிடில் நீதிமன்றத்தை நாடி ஆணை பெறலாம். பத்து நாள் என்பது நீண்ட காலம் அன்று. அந்த அவகாசத்துக்குள் பள்ளி பெற்றோரிடம் பேசியாக வேண்டும் என்பதே அதன் பொருள். 1893-இல் பள்ளிக் குழு எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு கேள்விகள்

1994-இல் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவனை ஓராண்டு நீக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. குறைபாடுள்ள மாணவன் அவ்வாறு செய்தால் 45 நாள் வரை வேறொரு பள்ளி அமைப்பில் வைக்கலாம் என்றும் விதிக்கப்பட்டது. 1990-லேயே பெயர் மாற்றம் பெற்றிருந்த சிறப்புக் கல்விச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, 1997 ஜூன் 4 அன்று கிளின்டன் கையொப்பம் பெற்றது. ஒழுங்கு நடவடிக்கைக்கான முறைகள் அப்போதுதான் சட்டப் புத்தகத்திலேயே எழுதப்பட்டன.

அம்முறையின் சாரம் இது. பத்து நாளைத் தாண்டி ஒரு பிள்ளையை வெளியே நிறுத்துவதென்றால், பெற்றோரும் பள்ளியாரும் கூடி அந்தச் செயல் குறைபாட்டின் வெளிப்பாடா என்று ஆராய வேண்டும். வெளிப்பாடு எனில் பிள்ளையை வெளியேற்றக் கூடாது. அந்த நடத்தை ஏன் எழுகிறது, எப்போது எழுகிறது என்று ஆய்ந்து அதை மாற்றும் திட்டம் ஒன்றை வகுக்க வேண்டும். வெளிப்பாடு இல்லையெனில் மற்றப் பிள்ளைகளுக்குரிய தண்டனையே இவனுக்கும் உண்டு. ஆயினும் அவன் கல்வி நின்றுவிடக் கூடாது. ஆயுதம், போதைப்பொருள் ஆகிய இரண்டிலும் 45 நாள் வேறிடம் அனுப்பலாம்.

2004 டிசம்பர் 3 அன்று ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்ட திருத்தம் பள்ளிகளின் கையைச் சற்று வலுப்படுத்தியது. கடுமையான உடற்காயம் விளைவிப்பதும் அந்த 45 நாள் விதிக்குள் சேர்ந்தது. அந்த 45 நாளும் பள்ளி வேலைநாள்களாகக் கணக்கிடப்பட்டன. ஆய்வின் கேள்விகளும் குறுகின. இன்று அந்தக் கூட்டத்தில் கேட்கப்படுபவை இரண்டு. இந்தச் செயல் பிள்ளையின் குறைபாட்டால் விளைந்ததா, அல்லது அதனோடு நேரடியான, கணிசமான தொடர்பு உடையதா? அன்றி, எழுதிக்கொடுத்த கல்வித் திட்டத்தைப் பள்ளி நிறைவேற்றத் தவறியதன் நேர் விளைவா?

முதல் கேள்வி பிள்ளையை நோக்கியது. இரண்டாவது பள்ளியை நோக்கியது. இந்த நெடிய வரலாறு ஈட்டித் தந்த பெரும்பேறு இந்த இரண்டாம் கேள்வியே என்று நாம் கருதுகிறோம். ஒழுங்கு விசாரணை என்றால் பெரியவர்கள் கேட்க, சிறியவன் தலைகுனிந்து பதில் சொல்வதே உலக வழக்கம். இங்கோ பெரியவர்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் தருவதாகச் சொன்ன பேச்சுப் பயிற்சியைத் தந்தீர்களா? இரைச்சல் தாங்காத பிள்ளைக்கு அமைதியான இடம் ஒதுக்குவதாக எழுதினீர்களே, ஒதுக்கினீர்களா? இல்லையென்றால், அவன் நாற்காலியைத் தள்ளியதில் உங்களுக்கும் பங்குண்டு.

தண்டனையால் ஆகாததைத் தகுந்த உதவி செய்யக்கூடும் என்பதற்குக் கொலராடோ மாநிலத்தின் டக்ளஸ் கவுண்டியிலிருந்து வந்த வழக்கு எடுத்துக்காட்டு. ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன். வகுப்பில் அலறுவான், மேசை நாற்காலிகள்மேல் ஏறுவான், சில வேளை பள்ளியை விட்டே ஓடிவிடுவான். ஈயைக் கண்டாலும், ஏதேனும் சிந்தினாலும் பேரச்சம் கொள்வான். ஆண்டுதோறும் அதே கல்வித் திட்டம் சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்ப எழுதப்பட்டது, முன்னேற்றம் இல்லை. நான்காம் வகுப்போடு பெற்றோர் அவனை வேறொரு தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். அப்பள்ளி அவன் அச்சங்களுக்கென்றே ஒரு நடத்தைத் திட்டம் வகுத்தது. சில மாதங்களில் நடத்தை சீர்பட்டது, படிப்பும் வளர்ந்தது. 2017 மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அப்பெற்றோரின் பக்கம் தீர்ப்பளித்தது. பெயரளவுக்கு ஏதோ சிறிது கற்பித்தால் போதும் என்ற எண்ணத்தைத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஏற்கவில்லை.

எஞ்சி நிற்பது

சட்டம் எழுதிவிட்டால் நீதி முழுமையாகிவிடுமா? 2017-18 கல்வியாண்டுக்கு அமெரிக்கக் கல்வித் துறை திரட்டிய புள்ளிவிவரத்தின்படி, சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் வரும் மாணவர் மொத்தத்தில் ஏறத்தாழ 13 விழுக்காடு. ஆனால் பள்ளிக்கு வெளியே இடைநீக்கம் பெற்றவர்களில் அவர்கள் ஏறத்தாழ 25 விழுக்காடு. உடலைப் பிடித்து அடக்கப்பட்ட மாணவர்களிலோ 80 விழுக்காடு.

எழுத்தில் வராத நீக்கங்களும் உண்டு. ‘பையன் இன்று அமைதியாக இல்லை, வந்து அழைத்துப் போய்விடுங்கள்’ என்று தாய்க்குத் தொலைபேசி வரும். அவர் வேலையை விட்டு ஓடிவருவார். ‘பாதி நாள் மட்டும் அனுப்புங்கள்’ என்பார்கள். இவையொன்றும் இடைநீக்கம் என்று பதிவேட்டில் ஏறுவதில்லை. ஏறாததால் பத்து நாள் கணக்கும் தொடங்குவதில்லை. 2022 ஜூலையில் அமெரிக்கக் கல்வித் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் இத்தகைய நீக்கங்களைக் குறிப்பிட்டு, இவையும் கணக்கில் வரக்கூடும் என்று பள்ளிகளுக்கு எச்சரித்தது.

ஆசிரியரின் சிரமத்தையும் நாம் மறுக்கவில்லை. முப்பது பேருக்குப் பாடம் சொல்லிக்கொண்டே ஒருவனின் கொந்தளிப்பையும் தணிக்க வேண்டியவர் அவரே. அவருக்குத் துணையாளும் பயிற்சியும் தராமல் சட்டத்தை மட்டும் நீட்டுவது அவர்க்கும் பிள்ளைக்கும் ஒருசேர இழைக்கும் அநீதி. சிறப்புக் கல்வியின் கூடுதல் செலவில் நாற்பது விழுக்காடு வரை மத்திய அரசு ஏற்கும் என்று 1975-இல் சொல்லப்பட்டது. அந்த அளவை அரசின் பங்கு ஒருபோதும் எட்டவில்லை. கல்வித் திட்டத்தை நிறைவேற்றினீர்களா என்று பள்ளியைக் கேட்கும் சட்டம், அதே கேள்வியைத் தன்னை இயற்றியவர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆன்டிகோ நகரத்துச் சிறுவனை வெளியே நிறுத்தியவர்கள் கொடியவர்கள் அல்லர். பள்ளியின் நலனை நாடிய கண்ணியமானவர்கள். தாங்கள் நீக்குவது ஒரு தொல்லையை என்று எண்ணினார்கள். நீக்கப்பட்டதோ ஒரு பிள்ளை. அந்தப் பிழை மீளாதிருக்கவே பத்து நாள் கணக்கும், கூட்டமும், இரண்டு கேள்விகளும் பின்னாளில் ஏற்பட்டன. எனினும், அந்தக் கேள்விகளைக் கேட்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடங்காத பிள்ளை ஒன்றை அலுவலக வாயிலில் நிறுத்தியிருக்கும் எந்தப் பள்ளியும், மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிடுமுன், இவனுக்குத் தருவதாகச் சொன்னதை நாம் தந்தோமா என்று ஒருமுறை தன்னையே கேட்டுக்கொள்ளலாம்.